எறும்பு வீட்டு மாப்பிள்ளை

ஆம்பூர் ஸ்டேஷன் வந்து போனதை நான் பார்க்கவில்லை. கடல் தாண்டி வந்தவள் கடைசிப் பத்து நிமிஷத்தில் கோட்டை விட்டேன். கண் விழித்தபோது எதிர் சீட்டு அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கத் தயாராக நின்றார். ஆம்பூர் எப்போது வரும் என்று கேட்டேன். அது போய் நேரமாகிறது, இது வாணியம்பாடி என்றார். சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அறுபது வயதுக்காரி, கழுத்தில் பூதக்கண்ணாடி, கையில் ஓவிய நோட்டு, தலையில் ஓட்டை விழுந்த தொப்பி. அவர் பார்த்ததில் தப்பில்லை. பேசாமல் அவர் பின்னாலேயே இறங்கினேன்.

ஆம்பூர் ஸ்டேஷனில் என்னைக் கூட்டிப் போக வந்த நசீர் பாய் ஒரு மணி நேரமாக நின்றிருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னால் கடுப்பாவார் என்று நினைத்தேன். "பரவால்ல டீச்சர், எல்லாரும் ஒரு தரம் வாணியம்பாடி போய்த்தான் ஆம்பூர் வர்றாங்க," என்றார். அப்படி யாரும் வருவதில்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வெளியே ஒரு வேன் நின்றது. ஆம்பூரா என்றேன், ஆமாம் என்றார்கள், ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் விளங்கியது, அது வாடகை வண்டி இல்லை. ஒரு ஷூ கம்பெனியின் வேன். உள்ளே இருந்த பெண்கள் எல்லாம் மத்தியான ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். பக்கத்தில் இருந்த பெண் என்னைப் புதிதாகச் சேர்ந்தவள் என்று நினைத்து, கட்டிங்கா ஸ்டிச்சிங்கா, எந்த லைன் என்று கேட்டாள். இரண்டும் இல்லையம்மா, மலேசியாவில் இருந்து எறும்புப் புற்று பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். வேனே திரும்பி என்னைப் பார்த்தது. பின் சீட்டில் இருந்து ஒரு குரல் மட்டும் வந்தது: "அதுக்கு இன்னாத்துக்குக்கா அவ்ளோ தூரம் வரணும்? எங்க வீட்டு சக்கர டப்பாவுலயே இருக்குதே." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், வேறு என்ன செய்வது. இறங்கும்போது அந்தப் பெண்ணே என் பையைத் தூக்கிக் கொடுத்தாள்.

நான் எதற்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தைப்பிங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது பிள்ளைகளுக்காக வண்டுகளைப் பற்றி ஒரு படப் புத்தகம் போடுகிறேன். அதில் ஒரு பிடிவாதம் வைத்திருக்கிறேன்: உயிரோடு கண்ணால் பார்க்காத எதையும் வரைய மாட்டேன். என் தங்கை இதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருக்கிறாள். வைத்துக்கொள்ளட்டும். நாற்பது வண்டு முடிந்துவிட்டது, ஒரே ஒரு பக்கம் காலி.

அந்தப் பக்கம் எறும்புப் புற்றுக்குள் குடியிருக்கும் வண்டுக்கு உரியது. எறும்பு எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். வேற்று ஆள் வாசலில் கால் வைத்தால் கடித்துக் குதறிவிடும். ஆனால் இந்த வண்டை மட்டும் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு சீராட்டும். காரணம் அதன் தலையில் இருக்கும் உணர்கொம்பு. இதன் சொந்தக்கார வண்டுக்கெல்லாம் நூல் மாதிரி இருப்பது இதற்கு மட்டும் தடியாக, சப்பையாக, அகப்பை மாதிரி இருக்கும். உடம்பிலும் கொம்பிலும் எதுவோ கசியும். அதை நக்குவதற்கு எறும்புகள் வரிசையில் நிற்கும். வண்டு சும்மா இருக்குமா? அந்த எறும்புகளின் முட்டையையும் குஞ்சுகளையும் உறிஞ்சித் தின்றுகொண்டிருக்கும். இதைத்தான் நான் பார்க்க வேண்டும். செத்து ஊசியில் குத்தியதை அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்து வரைவது சாவு வீட்டுப் போட்டோவைப் பார்த்துக் கல்யாணப் படம் வரைகிற மாதிரி.

நசீர் பாய் என் வண்டுப் படங்களைப் போனில் பார்க்கிறவர். ஆம்பூரில் தோல் பதப்படுத்தும் டேனரி ஒன்றில், கச்சா தோல் குடோனில் வேலை. வரும் ஆட்டுத் தோலைத் தடவிப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று பிரிப்பார். ஒரு நாள் மங்கலான போட்டோ ஒன்றும் குரல் செய்தி ஒன்றும் அனுப்பினார். டேனரியின் பின்பக்கம் ஒரு கல்லைப் புரட்டினாராம். இது தோல் வண்டு இல்லை, கொம்பு தடியாக இருக்கிறது, எறும்பு கூடவே போகிறது, எறும்பு கடிக்கவும் இல்லை என்றார். அந்தப் படத்தில் எறும்பு எது, வண்டு எது, நசீர் பாயின் செருப்பு எது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் கொம்பு தடி என்று ஒருவர் சும்மா சொல்ல மாட்டார்.

அடுத்து வந்த செய்திதான் என்னை விமானம் ஏற்றியது. அந்தப் பின்பக்க மண் தரை முழுக்கக் காங்கிரீட் போடப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை டேனரி லீவு, லாரி எதுவும் வராது, அதனால் அன்றைக்குத்தான் வேலை. நசீர் முதலாளியிடம் போய்க் கெஞ்சியிருக்கிறார். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாராம்: வெள்ளிக்கிழமைக்குள் என் கண்ணில் காட்டு, இல்லையென்றால் சிமெண்ட்தான். நான் வந்து சேர்ந்தது திங்கட்கிழமை.

நசீரின் வீடு மசூதித் தெருவுக்குப் பின்னால், மாடிப்படியில் செருப்பு குவிந்த வீடு. சரியாகச் சொன்னால் அது அவர் மனைவி ஷாஹிதாவின் வீடு. ஷாஹிதா ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். நாற்பது தையல் மெஷின்களை மேய்க்கிறவள், வீட்டில் ஒருவர் என்ன பெரிய விஷயம். என்னை முதல் நிமிஷத்திலேயே 'ஆபா' என்றாள். உருதுவில் அக்கா. வேலூர் முள்ளுக் கத்திரிக்காயைப் புளியில் வதக்கி, பக்கத்தில் தால்ச்சாவும் சோறும் வைத்தாள். எங்கள் ஊரில் கத்திரிக்காய் என்றால் நீளமாக, ஊதாவாக, ஒரு ருசியும் இல்லாமல் இருக்கும். இங்கே காம்பிலேயே முள் குத்துகிறது, ஆனால் வாயில் வெண்ணெய். மூன்று தரம் போட்டுக்கொண்டேன்.

சாப்பிட்டுக்கொண்டே வண்டின் கதையைச் சொன்னேன். எறும்பு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எறும்பு வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, எறும்பு கையால் தடவிக் கொடுக்கப்பட்டு வாழ்கிறது. யாராவது தொந்தரவு செய்தால் பின்னாலிருந்து சூடாக எதையோ பீய்ச்சும், கை கறுத்துவிடும் என்று படித்திருக்கிறேன் என்றேன். ஷாஹிதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வீட்டோட மாப்பிள்ளன்னு சொல்லுங்க ஆபா. எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்காரு. அவருக்குக் கொம்பு மட்டும்தான் இல்ல."

நசீர் தலையைத் தூக்காமல் இன்னும் கொஞ்சம் கத்திரிக்காய் கேட்டார். அன்றிலிருந்து அந்த வண்டுக்கு அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றே பெயர் ஆனது.

செவ்வாய்க்கிழமை டேனரிக்குப் போனேன். நாற்றம் தாங்குமா என்று எல்லோரும் கவலைப்பட்டார்கள். பெலாச்சான் காயப்போடும் தெருவில் வளர்ந்த மூக்கு இது, இறாலை உப்புப் போட்டு அழுகவிட்டு வெயிலில் பரப்புவார்கள், இதெல்லாம் என்ன என்று வீறாப்பாகச் சொன்னேன். குடோன் கதவைத் திறந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூசி என்று சமாளித்தேன்.

முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்கிறார்கள். வெள்ளைத் தாடி, மடிப்புக் கலையாத ஜிப்பா, மூன்று தலைமுறைத் தோல் வியாபாரம். மரியாதையாக எழுந்து நின்று டீச்சரம்மா என்றார், டீ வரவழைத்தார். எங்கள் ஊரில் டீ என்றால் ஒரு குவளை நிறைய. இங்கே மருந்து அளவுக்குத்தான் தருகிறார்கள், ஆனால் மணிக்கு ஒரு தரம் தருகிறார்கள். எறும்பையும் வண்டையும் பற்றி நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, லாரி சேற்றில் புதைந்தால் எனக்கு ஒரு நாள் வேலை பேஜார் ஆகிவிடுகிறது, அதனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். நியாயமான மனிதரிடம் வாதாடுவதுதான் கஷ்டம்.

குடோனில் நசீர் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். உப்புப் போட்டு அடுக்கிய ஆட்டுத் தோல், இடுப்பு உயரம். ஒவ்வொன்றாக உதறிப் போட்டு, உள்ளங்கையை ஒரு இழுப்பு இழுக்கிறார். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, கத்தி பட்ட இடம் எல்லாம் கைக்குத் தெரிகிறது. என்னைத் தடவிப் பார்க்கச் சொன்னார். எனக்கு உப்புதான் தெரிந்தது. அவர் என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார், மகள் பத்தாவது படிக்கிறாள், கணக்கு வரவில்லை என்று. பேச்சு நிற்காமலே கட்டை விரல் மட்டும் அவ்வப்போது தோலின் மேல் ஒரு அமுக்கு அமுக்கியது. என்ன அது என்று குனிந்து பார்த்தேன். தோல் வண்டு. விட்டால் தோலில் ஓட்டை போடும் பழுப்பு வண்டு, அரிசி அளவு. அந்தக் குடோனில் வேலை செய்கிற எல்லோருக்கும் அந்த விரல் இருக்கிறது. கண் பார்க்கும், மூளைக்குச் செய்தி போவதற்குள் விரல் வேலையை முடித்துவிடும். பதினெட்டு வருஷப் பழக்கம் என்றார். ஒரு மணி நேரத்தில் பதினோரு வண்டுகளை எண்ணினேன். வண்டுக்காரி என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான், ஆனால் அவர் சோறு அது.

புற்று பின்பக்க மதிலோரம், பூவரச மரத்தடியில், ஒரு பழைய துவைகல்லின் அடியில். பக்கத்திலேயே ஜல்லி குவித்துவிட்டார்கள். கல்லை மெல்லச் சாய்த்தோம். சின்னப் பழுப்பு எறும்புகள், நடுநடுவே உடம்பைவிடத் தலை பெருத்த சிப்பாய்கள். ஆயிரக்கணக்கில் இருந்தன. மாப்பிள்ளை இல்லை. சாயங்காலம் மறுபடி பார்த்தோம், அப்போதும் இல்லை. மண் காய்ந்து கிடந்ததால் எறும்புகள் குஞ்சுகளை ஆழத்துக்கு இறக்கிவிட்டன. குஞ்சு எங்கேயோ அங்கேதான் அவனும் இருப்பான். புற்றைத் தோண்டிப் பார்த்துவிடலாமே என்றார் நசீர். தோண்டினால் குடியே கலைந்துவிடும், அப்புறம் சிமெண்ட் எதற்கு, நாமே போதும் என்றேன். மேலே வர வைக்க ஒரே வழி மழைதான்.

தைப்பிங்கில் மழைக்குத் தவம் கிடக்க வேண்டியதில்லை. எங்களுக்கு மழை வராத நாள்தான் செய்தி. குடையும் கையுமாகவே ஒரு ஆயுள் ஓட்டியவள், ஆம்பூரில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தேன். புதன்கிழமை அந்த வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று, ஆலங்காயம் பக்கம் காட்டோரத்தில் வேறு புற்று தேடலாம் என்று நசீர் பைக்கில் கூட்டிப் போனார். போகும்போது முன் டயர் பஞ்சர், வரும்போது பின் டயர். இடையில் முப்பது கல்லாவது புரட்டியிருப்போம். தேள் நான்கு, பூரான் ஒன்று, யாரோ ஒளித்து வைத்த பிராந்தி பாட்டில் ஒன்று. ஒரு மாங்காய்த் தோப்புக் காவல்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, புதையலா என்று ரகசியமாகக் கேட்டார். இல்லை, எறும்பு என்றார் நசீர். அவர் நம்பவில்லை, நாங்கள் கிளம்பிய பிறகு அதே கற்களை அவர் புரட்டிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை சிமெண்ட் மூட்டை வந்து இறங்கியது. அன்றைக்கு நான் யாருடனும் சரியாகப் பேசவில்லை. நசீர்தான் பாவம், என்னைவிட வாடிப்போயிருந்தார். குடோனில் கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் கிண்டல் செய்கிறார்கள்: பாய் வெளிநாட்டில் இருந்து டீச்சரை வரவழைத்து எறும்புக்கு ஸ்கூல் நடத்துகிறார் என்று. நான் பார்த்தது நிஜம் டீச்சர் என்று இரண்டு தரம் சொன்னார், நான் கேட்காமலே. எனக்கு ஒரு பக்கம்தான் காலி. அவரோ அந்த ஊரில் இருந்தாக வேண்டும், தினமும் அதே ஆட்களோடு.

நான்கு மணிக்குக் காற்று புரண்டது. ஐந்து மணிக்கு மழை பிடித்தது பாருங்கள், பாலாற்றையே நிரப்பிவிடும் போல ஒரு மணி நேரம் கொட்டியது. ஷாஹிதா மொட்டை மாடித் துணியை விட்டுவிட்டு, "ஆபா, மாப்பிள்ளைக்கு மழ வந்துட்டுது" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்ததும் பூவரச மரத்தடியில் இருந்தோம். மண் சொதசொதவென்று இருந்தது. எனக்கு மூட்டு வலி, ஈரத்தில் மண்டியிட முடியாது. நசீர் யோசித்து, குடோனுக்கு ஓடி, கழித்துக் கட்டிய ஒரு ஆட்டுத் தோலைக் கொண்டுவந்து கல்லோரமாக விரித்தார். அதன் மேல் ராணி மாதிரி உட்கார்ந்தேன். கல்லைச் சாய்த்தார்.

அடியில் வெள்ளை வெளேரென்று குஞ்சுகள், அரிசி கொட்டினாற்போல. நடுவில் அவன். சோற்றுப் பருக்கை அளவு, வெல்லப் பாகு நிறம், பளபளப்பு. இரண்டு அகப்பைக் கொம்பு. ஒரு கொம்பை இரண்டு எறும்புகள் நக்கிக்கொண்டிருந்தன, இன்னொரு எறும்பு முதுகில் ஏறி நக்கியது. அவன் அசையக்கூட இல்லை. ஒரு குஞ்சின் மேல் வாயை வைத்திருந்தான், பக்கத்திலேயே அதன் அக்காமார்கள் அவனைத் துடைத்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். முப்பது வருஷம் பாடம் நடத்தினேன், இந்தக் காட்சியை ஒரு நாளும் பார்த்ததில்லை. நசீர் என் காதருகே, "பாத்தீங்களா டீச்சர், நா சொன்னன்ல," என்று மட்டும் சொன்னார். ஹாஜியாருக்குப் போன் போட்டார். எட்டு மணிக்கு வருகிறேன் என்றாராம்.

நான் வரைய ஆரம்பித்தேன். கொம்பு முடிந்தது, தலை, மார்பு முடிந்தது, முன் கால் முடிந்தது. எறும்புகள் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தன. மாப்பிள்ளைக்கு வெளிச்சம் பிடிக்கவில்லை போலும், எழுந்து தள்ளாடி நடந்தான். எறும்பு போன பக்கம் போகாமல் எதிர்ப் பக்கம் வந்தான். வந்தவன் நான் உட்கார்ந்திருந்த தோலின் ஓரத்தில் ஏறினான்.

அதே நேரம் மதில் வாசலில் இருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார், கலவை போட ஆரம்பிக்கலாமா என்று. நசீர் முகத்தைத் திருப்பி, கொஞ்சம் இருங்க என்று பதில் சொன்னார். திருப்பியது முகத்தை மட்டும்தான். கடைக்கண்ணில் தோலும், தோலின் மேல் பழுப்பாக ஒரு வண்டும் பட்டிருக்கிறது. கட்டை விரல் இறங்கிவிட்டது.

டப்பென்று ஒரு சத்தம், சின்னதாக, கடுகு வெடிப்பது போல. நசீர் ஆ என்று கையை உதறினார். ஒரு துளிப் புகை, மூக்கைத் துளைக்கும் நெடி. அப்புறம்தான் அவருக்கு என்ன நடந்தது என்று புரிந்தது. அந்தக் கையை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார், வேறு யாருடைய கையோ என்பது போல.

நான் நல்லவள் என்று இதுவரை எழுதியிருந்தால் இப்போது திருத்திக்கொள்கிறேன். கையா அது என்று கேட்டேன். ஒரு உயிரை உயிரோடு விடத் தெரியாதா, பதினெட்டு வருஷமாக இதைத்தானே செய்கிறீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். கண்டுபிடித்தவர் அவர், நான்கு நாளாகச் சோறு போட்டவர் அவர், எனக்காக முதலாளியிடம் கெஞ்சியவர் அவர். அதெல்லாம் அந்த நிமிஷம் ஞாபகத்தில் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

என் ஆத்திரம் கொஞ்சம் அடங்கியதும் பூதக்கண்ணாடியை எடுத்தேன், பிணத்தையாவது பார்க்கலாம் என்று. தோலில் ஒன்றும் இல்லை. அவர் விரலைப் பிடித்துப் பார்த்தேன். நுனி முழுக்கக் காப்பி நிறக் கறை, ஆனால் நசுங்கிய காலோ சிறகோ எதுவும் ஒட்டியிருக்கவில்லை. தோலின் ஓரத்தை மெல்லத் தூக்கினேன். அடியில் மாப்பிள்ளை மல்லாந்து கிடந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான். சுட்டதும் அவர் விரலைத் தூக்கியதில் தப்பித்துக் கீழே உருண்டிருக்கிறான். நான் நோட்டை எடுப்பதற்குள் இரண்டு எறும்புகள் வந்தன. ஆளுக்கு ஒரு கொம்பைப் பிடித்தன. தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் புற்று வாய்க்குள் இறக்கிவிட்டன. பின்னங்கால் இரண்டும் கடைசியாக உள்ளே போனதைப் பார்த்தோம். நாங்கள் இருவரும் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டோம். மன்னிச்சிடுங்க நசீர் என்றேன். அவர், "சாவலல்ல டீச்சர்? சாவலல்ல?" என்று அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். சாகவில்லை என்று நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு ஹாஜியார் வந்தபோது புற்று வாயில் ஒரு எறும்புகூட இல்லை. நோட்டில் அரை வண்டு இருந்தது. அதைக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார், மேஸ்திரியைப் பார்த்தார். கண்ணில் காட்டு என்றுதானே பேச்சு. படம் கண் இல்லையே. நான் வாயைத் திறப்பதற்குள் நசீர் நடந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னார், தன் விரல் செய்ததையும் சேர்த்து. சொல்லி முடித்துக் கட்டை விரலை நீட்டினார்.

ஹாஜியார் அந்த விரலைப் பிடித்தார். முதலில் முகர்ந்தார். பிறகு கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தார், போகவில்லை. நகத்தால் சுரண்டினார், போகவில்லை. விரலின் தோலை இப்படியும் அப்படியும் மடித்து வெளிச்சத்தில் பார்த்தார். தோல் பார்க்கிற ஆள் பார்க்கிற பார்வை அது.

"இது சாயம் இல்ல டீச்சரம்மா. சாயமா இருந்தா மேல நிக்கும். இது உள்ள போயிருக்குது. இது பதம்."

ஆமாம் என்றேன். வண்டு பீய்ச்சுவது தோலைப் பதப்படுத்துகிற வகையறாச் சரக்குத்தான், அதனால்தான் கழுவினாலும் போகாது, அந்தத் தோல் தேய்ந்து உதிர்ந்தால்தான் போகும் என்று சொன்னேன். அவர் மறுபடி முகர்ந்து பார்த்தார். "நாங்க டிரம்முல போட்டு மணிக்கணக்கா உருட்டறோம். இது எவ்ளோ நேரத்துல பண்ணுச்சு?"

ஒரு நொடி கூட இல்லை என்றார் நசீர்.

ஹாஜியார் துவைகல்லுக்கு முன்னால் போய் நின்றார். ஜிப்பாவைத் தூக்கிக்கொண்டு குனிந்து அந்தச் சின்ன ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"அந்தக் கல்லச் சுத்தி மரம் வரைக்கும் விட்டுட்டு ஊத்துங்க. நம்ம தொழில்காரன் ஊடு அது. மேல சிமெண்ட் கொட்டக் கூடாது."

தொழுகை முடிந்து வந்து நசீர் வீட்டில் பிரியாணி. சீரக சம்பா அரிசி, பொலபொலவென்று. நசீர் கரண்டி பிடித்துத்தான் சாப்பிட்டார், விரல் எரிந்தது. ஷாஹிதா அவர் தட்டில் பெரிய கறித்துண்டாகப் பார்த்து வைத்தாள். எங்க வீட்டு மாப்பிள்ளையும் இன்னைக்குத் தப்பிச்சிட்டாரு ஆபா என்றாள். நான் என் பங்கையும் எடுத்து அவர் தட்டில் வைத்தேன். காலையில் சொன்ன வார்த்தைகளுக்கு அது போதாதுதான்.

அடுத்த நாள் ஆம்பூரில் இருந்தே ரயில் ஏறினேன். இந்த முறை வழியில் தூங்கவில்லை.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. நாற்பத்தோராவது பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கிறான். நிதானமாகப் பார்க்கக் கிடைக்காத பின் பாதியை நான் வரையவில்லை. இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். பதிப்பகத்தார் இது அச்சுப் பிழை மாதிரி இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும் என்றேன்.

விரல் கறை மூன்று வாரத்தில் உதிர்ந்துவிட்டதாம். நசீருக்கு அதில் வருத்தம்தான், குடோனில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். போன வாரம் ஒரு குரல் செய்தி அனுப்பினார். பின்னால் தோல் உதறும் சத்தம் கேட்கிறது.

"டீச்சர், வேல ஸ்லோ ஆயிடுச்சுன்னு ஹாஜியார் திட்றாரு. நா இன்னா பண்றது? முன்ன மாதிரி அமுக்க வர்ல. மொதல்ல குனிஞ்சு கொம்பப் பாக்கறேன். அப்புறம்தான் வெரல் போவுது."